எண்ணெயா, ஆயிலா? வீட்டு உலையின் தோய்ச்சல் குறித்துச் சில கருத்துகள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியர் மலையின் அடிவாரத்தில் அமைந்த தேயிலைத் தோட்ட ஊர் போனக்காடு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு ஏறுவோர் நடையைத் தொடங்கும் இடம் என்பதால் வெளியூரார் பலர் அப்பெயரை அறிவர். பிரித்தானியர் காலத்தில் உருவான அத்தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்களுள் பல தமிழ் வழியினருடையவை. தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. ஊதிய நிலுவையும் பணிக்கொடையும் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் செய்தித்தாள்களில் வந்துள்ளன.

தோட்டம் நின்றாலும் கருவியின் தேவை நிற்பதில்லை. கவாத்துக் கத்தி, வெட்டுக்கத்தி, களைக்கொத்து ஆகியவை இன்றி மலையூரில் ஒரு வாரமும் நகராது. நிருவாகம் இல்லாத இடத்தில் கருவியைச் செம்மையாக வைத்துக்கொள்வது அந்தந்த வீட்டின் பொறுப்பாகிறது. கொல்லரின் பட்டறை தொலைவில் இருக்கும்போது, வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு உலை மூட்டித் தானே கத்தியைத் தீட்டி எடுக்கலாம் என்று எண்ணுபவர் எங்கும் உண்டு. அண்மைக் காலத்தில் நகரங்களிலும் இளைஞர் சிலர் இதனை ஆர்வத் தொழிலாக மேற்கொள்கின்றனர். இவர்கள் அனைவரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கின்றனர்: பழுக்கக் காய்ச்சிய இரும்பை எந்த எண்ணெயில் தோய்ப்பது?

அக்கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘பழைய ஆயில்’ என்பது. வண்டிப் பட்டறையில் எஞ்சினிலிருந்து வடித்த கறுத்த எண்ணெய் விலையின்றிக் கிடைக்கும், ஒரு வாளி போதும், வேலை முடிந்தது. இந்த விடை பிழையானது. எஃகின் தன்மையையும் எண்ணெயின் இயல்பையும் பாராமல் சொல்லப்படுவது ஒரு குறை. அதற்கான விலையை எவர் செலுத்துகிறார் என்று பாராதது அதனினும் பெரிய குறை.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். எள்ளின் நெய் என்பதே எண்ணெய். எள் என்பதன் ளகரமும் நெய் என்பதன் நகரமும் சேர்ந்து ணகர இரட்டிப்பாயின. பின்னர் அச்சொல் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுவாகிவிட, எள்ளின் நெய்யைக் குறிக்க ‘நல்லெண்ணெய்’ என்ற புதிய பெயர் தேவைப்பட்டது. நிலத்தடியிலிருந்து வந்ததையும் ‘மண்ணெண்ணெய்’ எனத் தமிழ் தன் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலத்தின் ‘ஆயில்’ என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். அதன் வேர், இலத்தீன் வழியாகக் கிரேக்கத்தில் ஒலிவத்தைக் குறித்த சொல்லுக்குச் செல்கிறது. ஒரு தாவரத்தின் பெயரில் பிறந்து எல்லாவற்றுக்கும் பொதுவான சொற்கள் இவ்விரண்டும்.

இன்றைய பேச்சுத் தமிழ் இவற்றுக்கு இடையே ஒரு வேலைப் பங்கீட்டைச் செய்துள்ளது. சமையலறையிலும் விளக்கிலும் தலையிலும் இருப்பது எண்ணெய். வண்டியிலும் இயந்திரத்திலும் இருப்பது ஆயில். கடைகளில் ‘சன்பிளவர் ஆயில்’ என்ற வழக்கு இருப்பினும், பட்டறையில் தனித்து ஒலிக்கும் ‘ஆயில்’ என்ற சொல் எஞ்சின் எண்ணெயையே சுட்டும். எனவே ‘ஆயிலில் தோய்’ என்று ஒருவர் சொல்லும்போதே தேர்வு முடிந்துவிடுகிறது. ஆங்கில நூல்களில் பொதுச்சொல்லாக வரும் ஒன்று, தமிழ்ப் பட்டறைக்குள் சிறப்புச்சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அடுப்படியில் இருக்கும் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் அப்பேச்சுக்குள் நுழைவதே இல்லை.

இனி எஃகுக்கு வரலாம். ஓரளவு கரிமம் கொண்ட எஃகைச் சுமார் 727 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சினால் அதன் படிக அமைப்பு மாறி, கரிமம் இரும்பினுள் கரைந்து பரவுகிறது. அந்நிலையில் விரைந்து குளிர்வித்தால் கரிமம் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். மார்ட்டென்சைட் என்னும் கடிய அமைப்பு உருவாகும். மெல்லக் குளிர்ந்தால் கரிமம் பிரிந்து பியர்லைட் என்னும் மென்மையான அமைப்பு தோன்றும். தோய்ச்சல் என்பது இவ்வாறு நேரத்தோடு நடக்கும் ஒரு போட்டி. தோய்ச்சல் முடிந்த எஃகு மிகக் கடியது, ஆனால் கண்ணாடிபோல் நொறுங்குவது. அதனை மீண்டும் 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றி நொறுங்குதன்மையைக் குறைப்பது பதம். வெளிர் வைக்கோல் நிறத்திலிருந்து பழுப்பு, ஊதா, நீலம் என எஃகின் மேல் ஓடும் நிறங்களைக் கொண்டு கொல்லர் பதத்தைக் கணிப்பர். தோய்ச்சலும் பதமும் இரு வேறு செயல்கள். ஒன்றை மற்றொன்றாக எழுதும் நூல்கள் கற்பவரைக் குழப்புகின்றன.

தோய்த்தல் என்னும் வினை ‘எதில்’ என்ற ஏழாம் வேற்றுமைப் பொருளை வேண்டி நிற்கும். சங்கப் பாடலின் விடை நீர். புறநானூற்றின் 21 ஆம் பாடலில் ஐயூர் மூலங்கிழார், உக்கிரப் பெருவழுதி கைப்பற்றிய கானப்பேர் அரணை, கொல்லன் காய்ச்சிய இரும்பு பருகிய நீருக்கு ஒப்பிடுகிறார். அந்நீரை மீட்க இயலாததுபோல் அவ்வரணையும் பகைவனால் மீட்க இயலாது. இரும்பைத் தொட்ட கணத்தில் நீர் ஆவியாகிப் போவதை உற்றுநோக்கிய ஒருவரின் உவமை அது. அந்த ஆவிதான் நீர்த்தோய்ச்சலின் சிக்கலும் ஆகும். சூடான எஃகைச் சுற்றி முதலில் ஓர் ஆவிப் படலம் போர்த்துகிறது. அது வெப்பத்தை வெளியேற விடாது. படலம் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னுமாகக் கிழிய, அங்கெல்லாம் நீர் கடுமையாகக் கொதித்து எஃகைச் சட்டெனக் குளிர்விக்கிறது. ஒரே கத்தியின் ஒரு பகுதி சுருங்கும்போது மறு பகுதி இன்னும் விரிந்த நிலையில் இருக்கும். வளைவும் விரிசலும் அதன் விளைவு. கரிமம் குறைந்த பழைய இரும்புக்கு நீரின் கடுமை தேவைப்பட்டது. இன்று கிடைக்கும் கலப்பு எஃகுகள் பலவற்றுக்கு அது மிகை.

கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோவில் என்பர். அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தியும் உள்ளது. இன்றைய அரிவாள்கள் பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடிக்கப்படுபவை. சங்கக் கொல்லனின் இரும்பும் லாரிப் பட்டையும் ஒன்றல்ல. பட்டையில் சுமார் 0.5 முதல் 0.65 விழுக்காடு கரிமத்துடன் சிலிக்கான், மாங்கனீசு அல்லது குரோமியம் கலந்திருக்கும். இக்கலப்பினால் எஃகு கடினமாவதற்குத் தேவையான குளிர்விப்பு வேகம் குறைகிறது. ஆகவே எண்ணெயின் மிதமான வேகமே அதற்குப் போதும். நீரில் இட்டால் வெடிக்கும் அபாயம் மிகுதி.

பழைய அரத்தை அடித்துக் கத்தி செய்வோரின் நிலை வேறு. அரத்தில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் கரிமம் உண்டு; கலப்புத் தனிமங்கள் குறைவு. அது கடினமாக வேண்டுமெனில் முதல் ஒரு நொடிக்குள்ளேயே வெப்பம் பெருமளவு இறங்கியாக வேண்டும். மெல்லிய அலகாயின் நீர்த்த, சூடேற்றிய எண்ணெய் போதும். தடித்த அலகுக்கு எண்ணெய் போதாமலும் போகலாம். கட்டுமானக் கம்பியில் கரிமம் 0.3 விழுக்காட்டைத் தாண்டாது. அதனை எந்த எண்ணெயில் தோய்த்தாலும் நல்ல வாய் ஏறாது. எனவே எந்த எண்ணெய் என்பதற்கு முன்னர் எந்த எஃகு என்ற கேள்வி நிற்கிறது. ஐயமிருப்பின் ஒரு சிறு துண்டை வெட்டி, காந்தம் ஒட்டாத வெப்பத்திற்குச் சற்று மேலே காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, அரத்தால் உரசிப் பார்க்கலாம். அரம் பிடிக்காமல் வழுக்கினால் அவ்வெண்ணெய் அந்த எஃகுக்குப் போதுமானது. முழுக் கத்தியைப் பாழாக்கிக் கற்பதைவிட இது மலிவான பாடம்.

எண்ணெயின் வேகம் பெரிதும் அதன் பாகுநிலையைப் பொறுத்தது. நீர்த்த எண்ணெய் எஃகின் மேல் விரைந்து புரண்டு வெப்பத்தை எடுத்துச் செல்லும். கெட்டியான எண்ணெய் தங்கி நிற்கும். 40 டிகிரியில் தேங்காய் எண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 27 சென்டிஸ்டோக்ஸ். கடலை எண்ணெயினுடையது 40 ஐ ஒட்டியது. லாரி எஞ்சினுக்குரிய 15டபிள்யூ-40 வகையினுடையது 100 ஐத் தாண்டும். இயந்திரத்தின் உராயும் பரப்புகளுக்கு இடையே படலமாகத் தங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட எண்ணெயிடம், எஃகின் மேல் தங்காமல் ஓடும் பணியை ஒப்படைப்பது முறையாகாது. புகைக்கரி சேர்ந்து பழையதாகும்போது அது இன்னும் தடிக்கலாம். எரிபொருள் கலந்திருந்தால் நீர்த்தும் எளிதில் தீப்பற்றக்கூடியதாகவும் ஆகலாம். நீர் கலந்திருந்தால் நுரைத்துப் பொங்கலாம். எந்த வாளியில் எது இருக்கிறதென்று தோய்ப்பவருக்குத் தெரியாது. நேற்று நன்றாக அமைந்த கத்தி இன்று மெத்தென்று அமைவதற்கு அவரால் காரணம் கூற இயலாது.

தாவர எண்ணெய்களுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. அவற்றின் கொழுப்பு மூலக்கூறுகள் கனிம எண்ணெயின் கூறுகளைப்போல் எளிதில் கொதித்து ஆவியாவதில்லை. ஆகவே தொடக்கத்து ஆவிப் படலம் அவற்றில் மிகக் குறைவு அல்லது இல்லை. குளிர்விப்பு முதற்கணத்திலிருந்தே ஏறத்தாழ ஒரே சீராக நடக்கிறது. சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட இடங்களில், இந்தியாவில் கிடைக்கும் தாவர எண்ணெய்களைக் கனிமத் தோய்ச்சல் எண்ணெயுடன் ஒப்பிட்ட ஆய்வுகள் நடந்துள்ளன. பொருளறிவியல் துறைகளுக்கு இது புதிய செய்தியன்று. தமிழில் தொழில் கற்பவரை இது வந்தடையவில்லை என்பதே குறை.

தாவர எண்ணெய் குறைகளற்றது அன்று. மீண்டும் மீண்டும் சூடேறும்போது காற்றுடன் வினைபுரிந்து தடிக்கும், நாற்றம் பிடிக்கும், பிசினாகும். ஆயிரக்கணக்கில் கருவிகளைத் தோய்க்கும் ஆலைக்கு அது ஏற்றதன்று. அதற்கெனத் தயாரிக்கப்பட்ட கனிமத் தோய்ச்சல் எண்ணெயே அங்குப் பொருத்தம். மாதத்திற்கு நான்கு கத்தி செய்யும் வீட்டு உலைக்கு அக்குறை பெரிதன்று. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது என்பதால் அது பிற எண்ணெய்களைவிட மெதுவாகவே கெடும். ஆயின் சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் மலையூர் வீடுகளில் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைப்பது இதனால்தான். தோய்ச்சலுக்கு முன் எந்த எண்ணெயையும் 50 முதல் 60 டிகிரி வரை சூடேற்றுவது நன்று. நீர் குளிர்ந்திருந்தால் வேகம் மிகும், எண்ணெயோ இளஞ்சூட்டில் நீர்த்து வேகம் பெறும். உலையில் காய்ச்சிய ஒரு பழைய இரும்புத் துண்டை எண்ணெயில் இட்டு இந்தச் சூட்டைக் கொண்டுவரலாம்.

அளவும் முக்கியம். அரைக் கிலோ எடையுள்ள அரிவாள் 800 டிகிரியிலிருந்து இறங்கும்போது விடும் வெப்பம், நான்கு லிட்டர் எண்ணெயை ஏறத்தாழ 30 டிகிரி உயர்த்தும். ஒரு லிட்டரில் தோய்த்தால் அதுவே 120 டிகிரியாகி, எண்ணெய் புகைந்து தீப்பற்றும் எல்லையை நெருங்கும். ஆகவே கத்தியின் நீளத்தைவிட ஆழமான இரும்புக் கலம், பொருந்தும் இரும்பு மூடி, அருகில் ஒரு வாளி மணல் ஆகியவை வேண்டும். பிளாஸ்டிக் வாளி கூடாது. கத்தியைத் தயங்காமல் முழுவதும் அமிழ்த்த வேண்டும். பாதி அமிழ்ந்த நிலையில்தான் எண்ணெயின் மேற்பரப்பில் தீ எழும். எழுந்த தீயின் மேல் நீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் கூரைவரை தெறிக்கும். மூடியால் மூடுவதே வழி. பெரும்பாலான சமையல் எண்ணெய்களின் தீப்பற்றுநிலை 300 டிகிரியை ஒட்டியிருப்பது இங்கும் ஒரு பாதுகாப்பு. அது தீயே பற்றாது என்பதற்கான உறுதி அன்று.

இனி விலையைப் பற்றி. ‘ஏழைக் கொல்லனிடம் போய்ச் சமையல் எண்ணெயை ஊற்றச் சொல்வது வசதி படைத்தவரின் அறிவுரை’ என்பது வலுவான மறுப்பு. அதனைத் தட்டிக் கழிக்க இயலாது. நான்கு லிட்டர் எண்ணெய் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கில் பெரிய இடம் பிடிக்கும். ஆயின் பழைய ஆயில் விலையற்றது என்ற கணக்கும் தவறு. எஞ்சினுக்குள் ஓடிய எண்ணெயில் எரிபொருளின் எச்சங்களும் உலோகத் துகள்களும் பல்வளைய நறுமண ஐதரோகார்பன்களும் சேர்கின்றன. அவற்றுள் ஒன்றான பென்சோபைரீனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் வகையில் வைத்துள்ளது. தோய்ச்சலின்போது எழும் கறும்புகை நேராகக் கொல்லரின் முகத்துக்கே வருகிறது. வீட்டு உலையாயின் அடுத்து நிற்கும் குழந்தைக்கும் வருகிறது. தொட்ட கையின் தோல் வழியாகவும் அது உட்செல்லும். 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரக் கழிவாகவே கொள்கின்றன. அதனைப் பட்டறையிலிருந்து வாளியில் வாங்கி வருபவர், கழித்துக்கட்டும் பொறுப்பையும் சேர்த்தே வாங்கி வருகிறார்.

தாவர எண்ணெயின் புகையும் நலம் தருவது அன்று. மிகுசூட்டில் பொரிக்கும்போது எழும் புகையையும் அதே முகமை, புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்னும் அடுத்த வகையில் வைத்துள்ளது. எந்த எண்ணெயாயினும் திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீச நின்று தோய்ப்பதே முறை. இங்குக் கோரப்படுவது தீங்கு குறைந்ததைத் தேர்தல் மட்டுமே.

செலவுக்கும் ஒரு வழி உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், பொரித்த எண்ணெயில் முனைவுறு சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதனை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாதென வரையறுத்துள்ளது. உணவகங்களும் பலகாரக் கடைகளும் கழிக்கும் அவ்வெண்ணெய் மீண்டும் தெருவோரச் சட்டிக்குச் செல்வதைவிட உலைக்கு வருவது மேல். துணியில் வடிகட்டி, உப்பும் மாவுத்துகளும் அடியில் தங்கவிட்டு, மெல்லச் சூடேற்றி ஈரத்தை முழுவதும் போக்கிய பின் அதனைத் தோய்ச்சலுக்குக் கொள்ளலாம். மிகத் தடித்துப் பிசினானதை மட்டும் தவிர்க்க வேண்டும். பழைய ஆயிலைப்போல இதுவும் கழிவுதான். ஆனால் நேற்றுவரை மனிதர் உண்ட ஒன்றின் கழிவு.

‘பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான்’ என்ற வாதமும் எழுவதுண்டு. எஞ்சின் வந்த பிறகுதான் எஞ்சினின் ஆயில் வந்தது. லாரி வந்த பிறகுதான் லாரிப் பட்டை வந்தது. மரபு என்று காட்டப்படுவது சில தலைமுறைகளின் வசதி. கொல்லர் மரபின் உண்மையான அறிவு, கிடைத்த இரும்பின் குணத்தைச் சோதித்து அதற்கேற்பத் தோய்ச்சலை மாற்றிக்கொண்டதில் இருக்கிறது. அம்மரபை மதிப்பவர் செய்ய வேண்டியதும் அதே சோதனையைத்தான்.

மீண்டும் போனக்காட்டுக்கு வருவோம். அவ்வூரைச் சூழ்ந்த மலைத்தொடரில்தான் கரமனை ஆறு பிறக்கிறது. அதன் குறுக்கே பேப்பாறை அணையும், கீழே அருவிக்கரை நீர்த்தேக்கமும் அமைந்துள்ளன. திருவனந்தபுரம் நகரின் குழாய்களில் வரும் நீர் அங்கிருந்து வருகிறது. அணையைச் சுற்றிய காடு 1983 முதல் காட்டுயிர்ச் சரணாலயம். இத்தகைய மலைச்சரிவில் ஒரு வாளிக் கறுப்பு ஆயிலை ஓடைக்கரையில் கொட்டினால், மழை அதனை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு வரைபடம் பார்க்கத் தேவையில்லை. தாவர எண்ணெயையும் ஓடையில் கொட்டக் கூடாது. ஆயின் கைதவறிச் சிந்தியதை மண்ணின் நுண்ணுயிரிகள் உண்டு தீர்க்கும். உலோகத்தை எந்த உயிரியும் உண்டு தீர்க்காது.

அதே ஊரில் மற்றொரு சொல்லும் புழங்குகிறது. தேங்காய் எண்ணெய்க்கு மலையாளத்தில் வெளிச்செண்ணெய் என்று பெயர். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் குடும்பத்தின் நாவில் இரண்டுமே இருக்கும். தோய்ச்சலுக்கு எது ஏற்றது என்ற கேள்விக்குரிய விடை, அவ்வீட்டின் அடுக்களையில் இரு பெயர்களோடு இருக்கிறது. அதனை மறைப்பது ‘ஆயில்’ என்ற மூன்றாவது சொல்.

இதில் கல்விப்புலத்துக்கு உரிய பங்கு ஒன்று உண்டு. கொல்லர் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் ஆய்வேடுகள் ‘தோய்ச்சல்’ என்ற பதிவின் எதிரே ஒரு வரிப் பொருள் தந்து நின்றுவிடுகின்றன. எதில் தோய்த்தார், எந்த இரும்பை, எவ்வளவு சூட்டில், பின்னர் எந்த நிறம் வரை பதம் பார்த்தார் என்பவற்றையும் கேட்டுப் பதிந்தால் அச்சொற்றொகுதி ஒரு தொழில்நூலாகும். பொருளறிவியல் மாணவர் தம் ஆய்வகத்தின் குளிர்விப்பு வளைகோடுகளைக் கொல்லருக்கு விளங்கும் தமிழில் இரண்டு பக்கம் எழுதினால், அது ஒரு பட்டறையின் புகையையாவது குறைக்கும். இரு துறைகளும் ஒரே மேசையில் அமர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. அதற்கு முன்பே வீட்டில் உலை மூட்டியவர் செய்ய வேண்டியது எளியது: எஃகைச் சோதிப்பது, கலத்தில் இளஞ்சூடான தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ நிரப்புவது, மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்வது.